தலையிடிக்கு நாக்கை நீட்டச் சொன்னவர்

பத்தாந் தர மாணவர்களுக்குச் சமிபாட்டுத் தொகுதியைக் கற்பித்துக்கொண்டிருந்த ஒரு நாள், கரும்பலகையில் இரைப்பையை வரைந்து முடித்துச் சிறுகுடலுக்குக் கோடிழுக்கத் தொடங்கிய நேரத்தில், என் நெற்றிக்குள் அந்தப் பழைய இடி ஆரம்பித்தது. திருகோணமலையில் நாங்கள் இதைத் தலைவலி என்று பெரும்பாலும் சொல்வதில்லை. தலையிடி என்றே சொல்வோம். உரலில் உலக்கை ஒரே சீராக விழும் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் வைத்த பெயராக இருக்க வேண்டும், ஏனெனில் என்னுடைய நோவுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைத்ததில்லை. வெண்கட்டியை வைத்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கடிகாரத்தில் பத்து மணி பத்து நிமிடம். அது எப்போதும் ஏறத்தாழ அந்த நேரத்தில்தான் வரும் என்பதை அன்றுவரை நான் ஒரு தகவலாகக் கருதியதே இல்லை.

ஆறு ஆண்டுகளாக வாரத்துக்கு மூன்று நாளாவது அது வந்துபோனது. நெற்றியின் இரு பக்கமும் தொடங்கும், இடைவேளைக்குள் குமட்டல் சேர்ந்துகொள்ளும், சில நாட்களில் சத்தி எடுத்த பின்னர்தான் தணியும். கண்ணாடியின் இலக்கத்தை மாற்றினேன். இரத்த அழுத்தத்தைப் பார்த்தேன். வெளிநோயாளர் பிரிவில் காத்திருந்து பரிசோதித்துக்கொண்டதில், ஆபத்தான காரணம் எதுவும் இல்லையென்று சொல்லி வலிக்குக் குளிசை எழுதித் தந்தார்கள். அந்தக் குளிசையை வெறும் வயிற்றில் விழுங்கி விழுங்கி இரண்டாம் ஆண்டில் வயிற்றெரிவு தொடங்கியது. வயிற்றெரிவுக்கு இன்னொரு குளிசை வந்தது. தலைக்கும் வயிற்றுக்குமான தொடர்பை நான் முதலில் அறிந்துகொண்டது இப்படித் தலைகீழாகத்தான்: தலையைக் காப்பாற்றப் போய் வயிற்றைக் கெடுத்துக்கொண்டேன்.

சக ஆசிரியை ஒருவர், தம் முழங்கால் நோவுக்கு அக்குபங்சர் எனப்படும் சீன ஊசி வைத்தியம் செய்யும் ஒருவரிடம் போய் நலம் கண்டதாகச் சொல்லி, என்னையும் அங்கே அனுப்பினார். சீனக்குடாவுக்குப் போகும் வழியில் தம் வீட்டின் முன்னறையிலேயே அவர் நோயாளிகளைப் பார்க்கிறார். சீனக்குடாப் பக்கம் சீன வைத்தியம் என்பது எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் ஒரு வாரத்துக்குப் போதுமான பகிடியாக ஓடியது. அவர் முதலில் மேலைத்தேய மருத்துவத்தில் பட்டம் பெற்றுப் பல ஆண்டுகள் அரச சேவையில் இருந்தவர்; அதன் பின்னரே சீன மருத்துவத்தை முறையாகக் கற்றவர். விஞ்ஞான ஆசிரியையான எனக்கு அந்த வரிசை ஓரளவு துணிவைத் தந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

உள்ளே போனதும் என் தலையை அவர் தொடுவார், குறைந்தது பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ நாற்காலியை யன்னலருகே இழுத்துப் போட்டு, மின்விளக்கை அணைத்துவிட்டு, நாக்கை நீட்டச் சொன்னார். மின்விளக்கின் மஞ்சள் ஒளி நாக்கின் படிவை வேறு நிறமாகக் காட்டிவிடும் என்றும், பகல் வெளிச்சத்திலேயே பார்க்க வேண்டும் என்றும் விளக்கினார். காலையில் என்ன குடித்தேன் என்று கேட்டார்; பாலில்லாத தேத்தண்ணீர் என்றேன்; அதுவும் நிறத்தை மாற்றக்கூடியது, அடுத்த முறை தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வாருங்கள் என்றார். பிறகு ஒரு சிறிய கண்ணாடியைக் கையில் தந்து என்னையே பார்க்கச் சொன்னார். நாற்பத்தைந்து வயதுவரை நான் என் நாக்கை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. அதன் ஓரங்களில் இரு பக்கமும் பல்லின் தடங்கள், அப்பத்தின் ஓரத்தை விரலால் அழுத்தி விட்டதுபோல, வரிசையாகப் பதிந்திருந்தன. நடுப்பகுதியில் வெண்மையாகவும் சற்றுப் பிசுபிசுப்பாகவும் ஒரு படிவு இருந்தது. பல்தடம் மண்ணீரலின் வலுக்குறைவையும், பிசுபிசுத்த படிவு ஈரமும் சளியும் தேங்கியிருப்பதையும் காட்டுவதாகச் சீன மருத்துவர்கள் படிக்கிறார்கள். அதன் பின்னர் மணிக்கட்டுகள் இரண்டிலும் மும்மூன்று விரல்களை வைத்து நீண்ட நேரம் நாடி பார்த்தார். நம்மூர்ப் பரியாரிமாரும் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் பார்ப்பார்கள். சீன முறையிலோ அந்த மூன்று இடங்களும் வெவ்வேறு உறுப்புகளுக்கு உரியவை. வலக் கையின் நடு விரல் படும் இடம் இரைப்பைக்கும் மண்ணீரலுக்கும் உரியது.

கேள்விகளோ இன்னும் விசித்திரமாக இருந்தன. குளிரா சூடா, எப்போது வியர்க்கிறது, மலம் எப்படி, சாப்பாட்டில் விருப்பம் உண்டா, நெஞ்சில் நிறைவு உண்டா, தாகம் எடுத்தால் சுடுநீர் வேண்டுமா குளிர்நீர் வேண்டுமா, இடிக்கும்போது நெற்றியை அழுத்தினால் சுகமா வேதனையா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். மிங் அரச காலத்தில் வாழ்ந்த சாங் ஜிங்யுவே என்னும் மருத்துவர் வகுத்த பத்துக் கேள்விகள், பிற்காலத்தில் மாணவர்கள் மனனம் செய்வதற்காகப் பாட்டாகவே ஆக்கப்பட்டன என்று பிறகு வாசித்து அறிந்தேன். முதற் கேள்வி குளிரும் சூடும், இரண்டாவது வியர்வை, மூன்றாவதில்தான் தலையும் உடம்பும் வருகின்றன. நான்காவது மலசலம், ஐந்தாவது உணவு. தலையிடியுடன் போனவளுக்குத் தலையைப் பற்றி ஒரு கேள்வியும் வயிற்றைப் பற்றி நான்கு கேள்விகளும் ஏன் வந்தன என்பதற்கு அந்தப் பாட்டில் பதில் இருக்கிறது.

அவர் என் நெற்றியைக் கவனிக்கவில்லை என்று சொல்வதும் நியாயமாகாது, ஏனெனில் வலி இருக்கும் இடம் சீன மருத்துவத்தில் முக்கியமான துப்பு. உடம்பில் உயிராற்றல் ஓடுவதாக அவர்கள் கொள்ளும் வழிகளுக்கு நாளங்கள் என்று பெயர்; அவற்றைக் கொண்டு தலையை நான்காகப் பிரிக்கிறார்கள். பிடரியில் நோவு வந்தால் அது தாய்யாங் எனப்படும், சிறுநீர்ப்பையோடு சேர்ந்த நாளத்தின் வழி. பொட்டிலும் காதோரத்திலும் வந்தால் ஷாவ்யாங், பித்தப்பையின் வழி. உச்சந்தலையில் வந்தால் ஜுவெயின், கல்லீரலின் வழி. நெற்றியிலும் புருவ எலும்பிலும் வந்தால் யாங்மிங், அதாவது இரைப்பையின் வழி. இரைப்பை நாளம் கண்ணுக்குக் கீழே தொடங்கி, முகத்தைச் சுற்றி நெற்றியின் முடியோர மூலைவரை ஏறி, இன்னொரு கிளையாகக் கழுத்து, மார்பு, வயிறு, தொடை, முழந்தாள் என்று இறங்கி, பாதத்தின் இரண்டாவது விரலில் முடிகிறது. அதில் ஊசி வைக்கும் 45 புள்ளிகள் உண்டு. இந்த நாளங்களைச் சத்திரசிகிச்சைக் கத்தியால் எவரும் வெட்டிக் காட்டியதில்லை. அவை நரம்புமல்ல, இரத்தக் குழாயுமல்ல. எனினும் நெற்றியையும் இரைப்பையையும் ஒரே கோட்டில் வைத்து வரைந்தவர்கள், நெற்றி நோவோடு குமட்டலும் பசியின்மையும் சேர்ந்து வருவதைப் பல தலைமுறையாகக் கண்டிருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. வரைபடம் பிழையாக இருந்தாலும், வரைந்தவர்களின் அவதானம் வீணானதென்று சொல்ல முடியாது.

மஞ்சட் பேரரசரின் பெயரால் வழங்கும் பழைய மருத்துவ நூல், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் தொகுக்கப்பட்டது. அதன் சூவென் என்னும் பகுதியில், தலைநோவும் காதிரைச்சலும் ஒன்பது வாசல்களின் அடைப்பும் குடலிலிருந்தும் இரைப்பையிலிருந்தும் பிறக்கின்றன என்று ஒரு வரி இருக்கிறது. அதே பகுதியின் இன்னோர் இடத்தில், ஈரத்தால் வரும் நோயில் தலை துணியால் சுற்றிக் கட்டியதுபோல இருக்கும் என்று வருகிறது. இதை அவர் சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன், ஏனெனில் கார்த்திகை மழையில் எனக்கு வருவது அதுதான். கச்சான் காற்று வீசும் ஆடி, ஆவணியில் நெற்றி எரிந்து இடிக்கும். வாடை தொடங்கி வீட்டுச் சுவரெல்லாம் வியர்க்கும் நாட்களிலோ இடி குறைந்து, கடலுக்குப் போய் வந்தவர்கள் நனைந்த துவாயைத் தலையில் முண்டாசாகக் கட்டியிருப்பதுபோல ஒரு பாரம் மட்டும் இருக்கும். இரண்டும் ஒரே நோய் என்று நினைத்து ஒரே குளிசையை விழுங்கிவந்தேன். அவற்றை இரண்டாகப் பிரித்துக் கேட்ட முதல் ஆள் அவர்.

சீன மருத்துவத்தின் கருத்துப்படி இரைப்பை உணவை வாங்கிக் கீழே அனுப்ப வேண்டும். மண்ணீரல் அதிலிருந்து பிரியும் தெளிந்த சாரத்தை மேலே அனுப்ப வேண்டும். ஒன்று இறங்கவும் மற்றது ஏறவும் வேண்டிய இந்த இரட்டை ஓட்டம் குழம்பினால் தலைக்கு இரண்டு விதமாகக் கேடு வரும். தெளிந்தது ஏறாவிட்டால் தலை வெறுமையாகி, மந்தமான நோவு, களைப்பு, தலைச்சுற்று ஆகியவை வரும். கலங்கியது இறங்காமல் மேலே போனால் பாரமும் குமட்டலும் வரும். இங்கே ஓர் ஆசிரியையாக நான் குறுக்கிட்டே ஆக வேண்டும். நாம் படிக்கும் உடற்கூற்றில் மண்ணீரல் உணவைச் சமிக்கச் செய்வதில்லை; அது இரத்தத்தை வடிகட்டி, முதிர்ந்த செங்குழியங்களை அகற்றி, நோயெதிர்ப்புக்கு உதவும் உறுப்பு. சீனர்கள் பீ என்று சொல்வதை மண்ணீரல் என்று மொழிபெயர்த்தது ஒரு வசதிக்காகத்தான். அந்தச் சொல்லை நாம் உறுப்பாக எடுத்துக்கொண்டால் முழுவதும் பிழையாகும்; உணவைச் சத்தாக மாற்றும் வேலைகள் அனைத்துக்கும் வைத்த பெயராக எடுத்துக்கொண்டால் ஓரளவு விளங்கும். பரீட்சையில் எந்த மாணவராவது பீயின் தொழிலை மண்ணீரலுக்கு எழுதினால் புள்ளி கொடுக்கமாட்டேன் என்று அவரிடமே சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, தானும் கொடுக்கமாட்டேன் என்றார்.

இந்த மருத்துவத்தில் வயிற்றை நடுவில் கொண்டுவந்து வைத்தவர் லீ துங்யுவான் என்பவர். 1180 முதல் 1251 வரை வாழ்ந்தவர். 1232 இல் மங்கோலியப் படைகள் கைஃபெங் நகரத்தை முற்றுகையிட்டபோது அவர் அந்த நகரத்துக்குள் இருந்தார். முற்றுகை தளர்ந்த பிறகும் மக்கள் பெருந்தொகையாக நோயுற்று இறந்தார்கள். மற்ற மருத்துவர்கள் அதை வெளியிலிருந்து வந்த குளிரால் ஏற்பட்ட காய்ச்சல் என்று கருதி வியர்க்கவும் பேதியாகவும் மருந்து கொடுத்துக்கொண்டிருக்க, அவரோ இந்த மக்கள் மாதக்கணக்கில் நேரத்துக்கு உண்ணாமல், பசியும் பயமும் களைப்புமாக இருந்தவர்கள், இவர்களுடைய இரைப்பையும் மண்ணீரலும் உள்ளிருந்தே அடிபட்டுவிட்டன என்று வாதிட்டார். அந்த அனுபவத்திலிருந்து எழுந்த சிந்தனையே 1249 இல் அவர் எழுதிய பீ வெய் லுன், அதாவது மண்ணீரல் இரைப்பை பற்றிய ஆய்வுநூல். குடலும் இரைப்பையும் தலைநோவைப் பிறப்பிக்கின்றன என்ற அந்தப் பழைய வரியைத் தம் வாதத்துக்குத் துணையாக எடுத்துக்கொண்டவரும் அவரே. கலங்கிய சளி தலைக்கு ஏறியதால் வரும் பாரமான நோவுக்கும் குமட்டலுக்கும் இன்றும் வழங்கும் பான்சியா, பாய்ஜூ, தியன்மா கசாயம் அவருடைய நூலிலேயே முதலில் வருகிறது.

கைஃபெங்கின் கதையை வைத்தியர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அதைச் சாதாரணமாகக் கேட்க முடியவில்லை. 1990 ஆனியில் மீண்டும் போர் மூண்டபோது எனக்குப் பத்து வயதாகவில்லை. காட்டோரத்தில் சில நாட்கள், உறவினர் வீட்டில் சில வாரங்கள், பின்னர் நலன்புரி முகாமில் மாதக்கணக்காக என்று அலைந்த காலத்தில், உலை எப்போது ஏறும் என்பதும் எவ்வளவு அரிசி இருக்கும் என்பதும் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குத் தலையிடி அந்த ஆண்டில்தான் தொடங்கியது. ஓடியதும் யோசித்ததும் காரணம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், அதுவும் உண்மையே. ஆனால் அந்தக் காலம் முழுவதும் அம்மா எத்தனை மணிக்கு எதைச் சாப்பிட்டார் என்று ஒருவரும் கேட்டதில்லை. சீனத்தில் எழுநூற்றுச் சொச்ச ஆண்டுகளுக்கு முன்னர் ஒருவர் அதைக் கேட்டிருக்கிறார்.

இனி வகைகளுக்கு வருகிறேன். அளவுக்கு மிஞ்சிய உணவோ நேரந்தவறிய கனத்த உணவோ வயிற்றில் தங்கிவிட்டால், நெற்றி நோவோடு புளித்த ஏப்பமும் நிறைவும் வரும்; அதற்கு ஜூ டான்சி என்னும் 14 ஆம் நூற்றாண்டு மருத்துவரின் பெயரால் வழங்கும் பாவ் ஹே வான் என்ற உருண்டை உண்டு; மலைச் செம்புளிப் பழம் ஒன்றும், முள்ளங்கி விதையும், தோடம்பழ இனத்தின் உலர்ந்த தோலும் அதில் சேரும். இரைப்பையில் சூடு மிஞ்சினால் நெற்றி எரியும், தாகமும் மலச்சிக்கலும் சேரும். வலுக்குறைவால் வரும் நோவு, களைத்தபோதும் பசித்தபோதும் மிகுந்து, உண்டு படுத்தால் குறையும். இவற்றில் என்னை அதிகம் கவர்ந்தது சாங் சோங்ஜிங் என்னும் மருத்துவர் எழுதிய ஷாங்ஹான் லுன் என்ற குளிர்நோய் நூலில் வரும் ஒரு குறிப்பு. ஏறத்தாழ கிபி 200 ஐ அடுத்து எழுந்த அந்த நூலில், வெறும் ஓங்காளமும் வாயில் நீரூறித் துப்புதலும் தலைநோவும் சேர்ந்து வருபவருக்கு வூ சூ யூ கசாயம் கொடுக்க வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் முடிகிறது. நான்கே சரக்குகள்: வூ சூ யூ என்னும் காரமான காய், ஜின்செங் வேர், இலந்தை இனப் பழம், நிறைய இஞ்சி. ஒற்றைத் தலையிடி வந்த எவரும் அந்த வரியைப் படித்தால், தம்மைப் பார்த்தே எழுதியதாக நினைப்பார்கள்.

இஞ்சி என்றதும் அம்மம்மாவின் நினைவு வருகிறது. வேர்க்கொம்பை, அதாவது சுக்கை, சந்தனக்கல்லில் வெந்நீர் விட்டு உரைத்து, நெற்றியில் இரண்டு விரல் அகலத்துக்குப் பற்றுப் போடுவார், காயக் காயத் தோல் இழுக்கும், எரியும். கூடவே மல்லியும் வேர்க்கொம்பும் அவித்த தண்ணீரைக் குடிக்கச் சொல்லி, "பித்தம் தலைக்கு ஏறிப்போச்சு, பிள்ளை" என்பார். காலையில் இஞ்சி, கடும்பகலில் சுக்கு, மாலையில் கடுக்காய் என்று பச்சையையும் உலர்ந்ததையும் நேரம் பிரித்து வைத்தவர்கள் நம்மவர்கள். சீனர்களும் பச்சை இஞ்சியையும் உலர்ந்த இஞ்சியையும் இரண்டு மருந்தாகவே கொள்கிறார்கள்; முன்னது குமட்டலை அடக்கும், பின்னது நடுவயிற்றைச் சூடாக்கும் என்பார்கள். வயிற்றில் இருப்பது தலைக்கு ஏறும் என்ற எண்ணம் நமக்கு இறக்குமதிச் சரக்கல்ல. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படும் ஊரில் இருந்துகொண்டு, அம்மம்மா சொன்னதை ஒரு சீன நூல் சொன்ன பிறகுதான் காது கொடுத்தேன் என்பது எனக்கே சற்று வெட்கம்.

ஊசிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இதைப் படிப்பவர்கள் குறைபடுவார்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் கிருமிநீக்கிய ஊசிகளா என்று கேட்டுவிட்டே சம்மதித்தேன். உறையை என் முன்னால்தான் கிழித்தார். தலையில் ஒன்றும் குத்தவில்லை. முழந்தாளுக்குக் கீழே நான்கு விரற்கடை தள்ளி வெளிப்புறமாக சூசான்லி என்னும் புள்ளியிலும், பாதத்தில் இரண்டாம் மூன்றாம் விரல்களுக்கு இடைப்பட்ட சவ்வோரத்தில் நெய்டிங் என்னும் புள்ளியிலும், கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே ஹெகு என்னும் புள்ளியிலும் வைத்தார். கர்ப்பிணிகளுக்கு ஹெகுவைத் தொடமாட்டேன் என்றும் சொன்னார். நெய்டிங் என்றால் உள்முற்றம் என்று பொருளாம். குத்தும்போது நுளம்பு கடித்த அளவுதான். ஊசியை அவர் மெல்லத் திருகியபோதுதான் ஒரு கனத்த கடுப்பு பாதத்துக்குள் எழுந்து கணுக்கால்வரை ஊர்ந்தது. அந்தக் கடுப்பு வந்தால்தான் ஊசி வேலை செய்வதாக அவர்கள் கொள்கிறார்கள்.

இதற்கெல்லாம் ஆதாரம் உண்டா என்ற கேள்வியை நான் ஒத்திவைக்கவில்லை. ஒற்றைத் தலையிடியைத் தடுப்பதற்கான ஊசி வைத்தியத்தைப் பற்றி மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் நிறுவனம் 2016 இல் வெளியிட்ட மீளாய்வு 22 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 4985 பேரையும் கணக்கில் எடுத்தது. மாதத்தில் 6 நாட்கள் நோவு உள்ளவருக்கு வழக்கமான கவனிப்பில் அது 5 நாட்களாகவும், போலி ஊசியிலோ தடுப்பு மருந்திலோ 4 நாட்களாகவும், உண்மையான ஊசியில் மூன்றரை நாட்களாகவும் குறையும் என்பது அதன் சாரம். ஊசிக்குப் பலன் உண்டு. ஆனால் சரியான புள்ளியில் குத்தியதற்கும் போலியாகக் குத்தியதற்கும் உள்ள வேறுபாடு அரை நாள்தான். அந்த ஆய்வுகள் வயிற்றோடு தொடர்புடைய நோவை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தவையும் அல்ல. எனவே நெய்டிங் புள்ளியே என் நெற்றியைக் குணமாக்கியது என்று நான் எங்கும் சொல்லப்போவதில்லை.

எனக்குப் பயன்பட்டது அவருடைய ஊசியைவிட அவர் போட்ட கணக்கு. "ரீச்சர், இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். எட்டு மணி என்றேன். அடுத்து வாயில் உணவு படுவது எப்போது என்று கேட்டார். காலையில் ஒரு தேத்தண்ணீருடன் புறப்பட்டு, ஏழரைக்குப் பாடசாலை தொடங்கி, பத்தரை இடைவேளையில்தான் ஏதாவது கடிப்பேன். பதினான்கரை மணிநேரம். சீன மருத்துவத்தின் நாட்கணக்கில் காலை 7 முதல் 9 வரை இரைப்பையின் நேரம், 9 முதல் 11 வரை மண்ணீரலின் நேரம்; இரைப்பை வேலை கேட்டு நிற்கும் நேரத்தில் நான் காலைக் கூட்டத்தில் வெயிலில் நிற்கிறேன், மண்ணீரலின் நேரத்தில் இடி தொடங்குகிறது என்று அவர் அதை விளக்கினார். உறுப்புகளின் அந்தக் கடிகாரத்தை நான் நம்பவில்லை. ஆனால் பதினான்கரை மணிநேரத்தை மறுக்க முடியவில்லை. சர்வதேசத் தலைவலிச் சங்கத்தின் வகைப்பாட்டிலேயே, 8 மணிநேரமாவது உண்ணாதிருப்பதால் வரும் தலைநோவு தனியொரு வகையாக இடம்பெற்றிருக்கிறது. ஒற்றைத் தலையிடி உள்ளவர்களுக்கு உணவு தவறுவது நோவைத் தூண்டும் என்பதும், நோவு வந்திருக்கும் நேரத்தில் இரைப்பை தன் வேலையை மெதுவாக்கிவிடும் என்பதும் நவீன மருத்துவம் அறிந்தவையே. விழுங்கிய குளிசை சிறுகுடலைச் சென்றடையத் தாமதமாவதால்தான், சத்தியை நிறுத்தும் மருந்தையும் மருத்துவர்கள் சேர்த்துக் கொடுப்பதுண்டு. இத்தனையையும் பாடப்புத்தகத்தோடு வாழும் நான் என்மேல் பொருத்திப் பார்க்க, நாக்கைப் பார்க்கும் ஒருவர் தேவைப்பட்டார்.

குளிசைகளை அவர் எண்ணச் சொன்னார். மாதத்தில் 15 நாட்களுக்குக் குறையாமல் சாதாரண வலிநிவாரணியை மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துவந்தால், அந்தக் குளிசையே தலையிடியைத் தொடர்ந்து வரவழைக்கும் நிலை ஒன்று உண்டு. நான் எண்ணிப் பார்த்தபோது மாதத்தில் 17 நாட்கள் வந்தன. சீன மருத்துவராக உட்கார்ந்திருந்தவர் அந்த இடத்தில் பழைய அரச வைத்தியராக மாறி, இதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், வயிற்றெரிவுக்காக இரைப்பையையும் ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்று கடிதம் எழுதித் தந்தார். கசாயம் எதுவும் தரவில்லை. என் உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய, சீன எழுத்து மட்டும் பொறித்த பொட்டலம் ஒன்றை நான் காட்டியபோது, உள்ளிருப்பது என்னவென்று எழுத்தில் தெரியாத எதையும் குடிக்க வேண்டாம் என்று கறாராகச் சொன்னார். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், மெலிவதற்காகக் கொடுத்த சீன மூலிகைக் குளிசைகளில் ஒரு சரக்குக்குப் பதிலாக அரிஸ்டலோக்கியா இனச் செடி கலந்துவிட, நூற்றுக்கு மேற்பட்டோரின் சிறுநீரகங்கள் பழுதாகின. சிறுநீரக நோய் இவ்வளவு பரவியுள்ள வடமத்திய மாகாணத்துக்கு அயலில் இருக்கும் நாங்கள் இதைக் கேட்டுச் சும்மா இருக்க முடியாது. பொட்டலம் குப்பைக்குப் போனது.

அதன் பிறகு நான் செய்தவை சிறியவை. காலை ஆறே முக்காலுக்கு இரண்டு இடியப்பமும் சொதியும், நேரமில்லாத நாளில் அவித்த கௌபியும். தேத்தண்ணீர் சாப்பாட்டுக்குப் பின்னர். பாடசாலையில் ஒரு போத்தல் தண்ணீர். மதியச் சாப்பாடு இரண்டரைக்குத் தட்டு நிறையச் சோறாக இல்லாமல், பாதியை இடைவேளையிலும் பாதியை வீட்டிலும். எட்டு முறை ஊசிக்குப் போனேன். குறிப்பேட்டில் எழுதிவந்ததன்படி, முதல் மாதத்தில் 13 நாட்கள் இருந்த தலையிடி நான்காம் மாதத்தில் 3 நாட்களாகியது. ஊசி, காலை உணவு, குளிசைக் குறைப்பு மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு எது பலன் தந்தது என்று கேட்டால் பதில் கிடையாது. என் மாணவர் ஒருவர் இப்படி ஒரு பரிசோதனையைச் செய்து கொண்டுவந்திருந்தால், மாறிகளைக் கட்டுப்படுத்தவில்லை என்று சிவப்பு மையால் எழுதித் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். திடீரென்று இடி விழுந்ததுபோல உச்சத்துக்குப் போகும் தலையிடி, காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் வருவது, பேச்சுக் குழறலோ ஒரு பக்க வலுவிழப்போ பார்வை மங்கலோ சேர்ந்து வருவது, தலையில் அடிபட்ட பின் வருவது, கர்ப்பகாலத்தில் வருவது, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குவது ஆகியவற்றுக்கு நாக்கையும் நாடியையும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வலிநிவாரணி எடுப்பவருக்குக் கறுப்பாக மலம் போனாலும் அப்படியே.

சென்ற மாதம் அம்மாவையும் அவரிடம் கூட்டிச் சென்றேன். ஊசி என்றால் வேண்டவே வேண்டாம் என்று படியேறும்போதே சொல்லிவிட்டார். நாக்கை நீட்டச் சொன்னபோது, குருக்களிடம் தீர்த்தம் வாங்குபவர்போலக் கண்ணை மூடிக்கொண்டு நீட்டினார். வைத்தியர் பார்த்து முடித்து, அதே கேள்வியைக் கேட்டார்.

"அம்மா, இரவில் எத்தனை மணிக்குச் சாப்பிடுறனீங்கள்?"

"எல்லாரும் சாப்பிட்ட பிறகு, தம்பி."

நான் குறுக்கிட்டு, வீட்டில் இப்போது நாங்கள் மூன்று பேர்தான், எட்டு மணிக்கே எல்லோரும் சாப்பிட்டுவிடுவோம் என்றேன். அம்மா என்னைப் பார்க்காமல், பானையில் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாப்பிடுவதுதான் தன் வழக்கம் என்றும், அதனால் ஒன்பதரை, பத்து ஆகிவிடும் என்றும், காலையில் பசிப்பதில்லை என்றும் அவரிடம் சொன்னார். முகாமில் தொடங்கிய வழக்கமா என்று வைத்தியர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் நாட்குறிப்பில் நேரத்தை மட்டும் எழுதிக்கொண்டு, இன்றிலிருந்து ஏழரைக்கு முதல் தட்டு உங்களுடையது என்றார். அன்றிரவு ஏழரைக்கு நான் தட்டை எடுத்து வைத்தபோது, அம்மா எழுந்து போய்ப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு வந்துதான் உட்கார்ந்தார்.